வெள்ளிக்கிழமைத் தூக்கம்

1

வருடத்துக்கு ஒருமுறை நான் வேலூருக்குப் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று சர்க்காரிடம் சொல்லிவிட்டு வரவேண்டும். ஆம்பூரில் பஸ் ஏறி, வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போய், அங்கிருக்கும் மர பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது பாஸ்போர்ட்டை நீட்டவேண்டும். பொட்டும் பூவுமாக அந்த பெஞ்சில் உட்காருகிற வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். முதல் வருடம் அங்கிருந்த பியூன், "இன்னாம்மா, போலீஸ் ஸ்டேஷன்னு நெனச்சிக்கினு வந்துட்டியா? அது அந்தப் பக்கம்" என்று எனக்கு வழிகாட்டப் பார்த்தார். நான்தான் வெளிநாடு என்றதும் ஒருமுறை என் சேலையையும் ஒருமுறை பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

மலேசியாவில், நம் சுங்கை பட்டாணியில் இதைப் படிக்கிற உங்களுக்கும் சிரிப்பு வரலாம். நம் வீடுகளில் இந்தியாவுக்குப் போவதை 'ஊருக்குப் போறது' என்றுதானே சொல்வோம்? அப்பா தன் தங்கை மகனுக்கே என்னைக் கட்டிக் கொடுத்துக் கப்பலேற்றியபோது, "நீ என்ன அந்நிய தேசத்துக்கா போற? ஊருக்குத்தான போற" என்று தேற்றினார். அப்பாவுக்கு அது ஊர். எனக்கோ, இறங்கிய அன்றைக்குத் தெரிந்த ஒரே முகம் கல்யாணத்துக்கு அங்கே வந்தபோது பார்த்த அத்தானின் முகம். அவரையும் அத்தான் என்று கூப்பிடக்கூடாதென்று மறுநாளே தெரிந்தது. "மாமான்னு கூப்புடு சாந்தி. அத்தான்னா சினிமாவுல பாட்டு பாடற மாரி கீது" என்று கூச்சத்தோடு சொன்னார்.

அது மட்டுமா? பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவைக் காலையில் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று நம் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். அந்த அம்மா பதறிப்போய், "இன்னாம்மா, பசிக்குதா? ஊட்ல ஒண்ணும் ஆக்கலியா?" என்று தட்டு நிறைய இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இட்லி நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருடம் வேலூருக்கு என் மகள் வசந்தியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். இன்னும் ஒரு வயது முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தூங்கும் வேளை வந்துவிட்டது. தூக்கம் வந்தது, தூங்க வரவில்லை. அலுவலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டாள். அங்கே நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், அவள் பால் மறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

2

எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் டேனரி, தோல் பதனிடுகிற இடம். அத்தான், இல்லை, மாமா, அங்கேதான் டிரம் ஓட்டுகிறார். டிரம் என்றால் மத்தளம் என்று நினைக்காதீர்கள். ஓர் அறை உயரத்துக்கு மரப் பீப்பாய். அதற்குள் தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். சுற்றும்போது தோல் மேலே ஏறி, தண்ணீரோடு கீழே விழும். தொப். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், தொப். பகலும் இரவும் இதுதான். வந்த புதிதில் அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. என் மண்டைக்குள் யாரோ போர்வை துவைக்கிற மாதிரி இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். அப்புறம் எப்போது பஞ்சை எடுத்தேன், எப்போது பழகியது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நான் சும்மா இருக்கத் தெரியாதவள். நம்மூர் சட்டை ஃபேக்டரியில் மெஷின் ஓட்டிய கை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஷூ கம்பெனி என்றாலும் அங்கே முழு ஷூ செய்வதில்லை. மேல்பாகத்தை மட்டும் தைத்துக் கப்பலேற்றுவார்கள். அடிப்பாகத்தை வெளிநாட்டில் ஒட்டிக்கொள்வார்கள். பாதி இங்கே, பாதி அங்கே. அந்தச் சரக்கைப் பார்த்ததுமே என் மனசு அதோடு ஒட்டிக்கொண்டது.

மெஷினில் என் கையைப் பார்த்த சூப்பர்வைசர், உடனே சேர்ந்தால் இடம் உண்டு, தள்ளிப்போட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். அப்போது வசந்திக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

"இன்னா அவசரம்? புள்ள நடக்கட்டும்" என்றார் மாமா.

"நடந்தா அடுத்தது ஓடுவா. ஓடுற பிள்ளைய யார் பாத்துக்குவா? இப்ப போனாத்தான் போக முடியும்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நீ போவணும்னு முடிவு பண்ணிட்டுதான் என்னைக் கேக்கற" என்றார். உண்மைதான்.

கம்பெனி ஊருக்கு அந்தக் கோடியில். நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அதனால் பாலை நிறுத்தவேண்டி வந்தது. யோசனை சொல்லாதவர்கள் தெருவில் யாரும் இல்லை. வேப்பெண்ணெய் தடவிக்கொள் என்றார்கள். பச்சை மிளகாயைத் தேய்த்துக்கொள் என்றார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கல்லவா கசப்பு? இவள் விடவில்லையே, நானல்லவா விடுகிறேன்? கசப்பு எதுவும் தடவாமல், ஒவ்வொரு வேளையாகக் குறைத்தேன். பசும்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற்றினேன். ராகியை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் கஞ்சி காய்ச்சினேன். அம்மா அனுப்பியிருந்த நெத்திலியை வறுத்துப் பொடித்து அரிசிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டபோது மட்டும் நூர்ஜஹான் அக்கா மார்பில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா! பச்சப் புள்ளக்கி கருவாடா?"

"எங்க ஊர்ல இதத்தான்க்கா குடுப்பாங்க. நானும் இதத் தின்னு வளந்தவதான்."

"அதான் இவ்ளோ பிடிவாதம்" என்றார்.

அந்த அக்காதான் பகலில் வசந்தியைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவர். அவர் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டிலேயே வந்து இருப்பார். ஏனென்றால் தொட்டில் எங்கள் வீட்டில் இருந்தது.

தொட்டில் என்றால் நம்மூர் ஸ்பிரிங் தொட்டில். கைலியைக் கட்டித் தொங்கவிட்டால் மேலும் கீழும் ஆடுமே, அது. அந்த ஸ்பிரிங்கைத் துணிமணிக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தேன். மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த மெஷினோட பார்ட்டு?" என்று கேட்டார். பிள்ளையைத் தூங்கவைக்கிற மெஷின் என்றேன். பிள்ளை எங்கே என்றார். இனிமேல்தான் என்றேன். கல்யாணமான புதிது. அதிகாரி முகம் சிவந்துபோய்ப் பெட்டியை மூடிவிட்டார்.

3

வேலைக்குப் போன முதல் வாரம், நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் ஓடிவந்தால், "சமத்தா தூங்கனா" என்பார் அக்கா. கஞ்சி குடித்தாளாம், கொஞ்சம் சிணுங்கினாளாம், இரண்டு ஆட்டு ஆட்டியதும் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. ஆம்பூரில் டேனரிக்கும் கம்பெனிக்கும் வெள்ளிதான் விடுமுறை. வாரம் முழுக்க நான் காத்திருந்த நாள். என் பிள்ளையை நானே குளிப்பாட்டி, நானே கஞ்சி கொடுத்து, நானே தொட்டிலில் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். தூக்கினால் என் மேல் முகத்தைத் தேய்த்துத் தேடினாள், இல்லையென்று தெரிந்ததும் இன்னும் அழுதாள். ஆட்டினேன், பாடினேன், தோளில் போட்டுத் தெருக்கோடி வரை நடந்தேன். மதியம் போனது, சாயங்காலம் போனது. அசந்து இமை மூடினால் உடனே தூக்கிப்போட்டு விழித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அவள் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நான் இல்லாத நாளெல்லாம் தூங்குகிறாள், நான் இருக்கிற ஒரு நாள் தூங்கமாட்டேன் என்கிறாள். இதை எந்தத் தாய் எப்படி எடுத்துக்கொள்வாள்? பாலை நிறுத்திய என்னை என் பிள்ளை தள்ளிவைத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். நூர்ஜஹான் அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார்: "உன் வாசன பட்டா அதுக்கு பால் ஞாபகம் வந்துடுது சாந்தி. வெள்ளிக்கெழமயும் நானே தூங்க வெக்கறேன். நீ கொஞ்சம் தள்ளி இரு."

சரியென்று அக்கா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா தொட்டிலை ஆட்டினார். அங்கேயும் அழுகைதான் கேட்டது. நான் தள்ளி இருந்தும் தூங்கவில்லை என்றதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம்கூட வந்தது. "இன்னாவோ வெள்ளிக்கெழம தோஷம்" என்று அக்கா கைவிட்டுவிட்டார். ஸ்பிரிங் சரியில்லையோ என்று மாமா அதை அவிழ்த்துவிட்டுச் சேலையில் தூளி கட்டிப் பார்த்தார். கஞ்சி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நான் நெத்திலியை நிறுத்திப் பார்த்தேன். மூன்று பெரியவர்கள் மூளையைக் கசக்கியும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் நாங்கள் மூன்று பேரும் அந்தத் தெருக்காரர்களாக இருந்ததுதான்.

4

ஒருநாள் டேனரியில் டிரம்மின் அச்சு விரிசல் விட்டது. வேலை நின்றது. புது அச்சு ராணிப்பேட்டையிலிருந்து வரவேண்டும் என்று மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எல்லா நாளும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு வரும்போது அக்கா வாசலிலேயே நிற்பார், இடுப்பில் சிவந்த கண்ணோடு வசந்தி. வாரக்கணக்கில் ஒழுங்காகத் தூங்கிய பிள்ளை, திடீரென்று மதியத்தையே மறந்துவிட்டது. தூங்காத பிள்ளை கஞ்சியும் குடிக்கவில்லை. நான் லேட்டாகப் போகவும் சீக்கிரம் வரவும் ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"லேட்டு ஜாஸ்தி ஆவுதும்மா. வர்றதுன்னா ஒழுங்கா வா. முடியலன்னா சொல்லிடு, வெளிய ஆளுங்க நிக்கறாங்க."

"வருவேன் சார்."

அன்று சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காத சாந்தி. எனக்கு முடியல. பேஜாரா கீது. புள்ள இப்டி கத்தி ஏதாவது ஆச்சுன்னா நா இன்னா பதில் சொல்றது? வேற யாரையாவது பாத்துக்கோ."

வேறு யார் இருக்கிறார்கள்? இந்த ஊரில் எனக்கு அம்மா இல்லை, தங்கை இல்லை. அத்தை கணியம்பாடியில் மூத்த மகன் வீட்டில், தானே நடக்க முடியாமல் இருக்கிறார். அக்கா இல்லையென்றால் வேலை இல்லை. பாலை நிறுத்தியது எதற்காக? அந்த வேலைக்காக. பாலும் போய் வேலையும் போனால் நானும் என் பிள்ளையும் பட்டதெல்லாம் வீண். அந்த நினைப்பை என்னால் விழுங்க முடியவில்லை. "நாளைக்கி மத்தியானம் நானே வந்து கூட இருக்கேங்க்கா. என்னன்னு பாத்துடுவோம். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி" என்றேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்தேன். மதியம். வசந்தி தொட்டிலில் கிடந்து கத்துகிறாள். நான் ஆட்டுகிறேன், அக்கா விசிறுகிறார், மாமா கிலுகிலுப்பை ஆட்டுகிறார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து அவள் இன்னும் வேகமாக அழுகிறாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், தொப்.

"டிரம்மு ரெடியாய்ட்ச்சு போல" என்றார் மாமா. "ஓட்டிப் பாக்கறானுங்க."

தொப்.

வசந்தி அழுகையை நடுவில் நிறுத்தினாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கண்ணை அகல விரித்தாள். தொப். வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். தொப். கட்டைவிரல் வாய்க்குப் போயிற்று. அக்கா விசிறியை நிறுத்தினார். இன்னும் நாலைந்து சுற்றில் அவள் தூங்கிப்போனாள்.

"இன்னாடி இது! சுச்சு போட்ட மாரி!" என்றார் அக்கா, குரலே இல்லாமல்.

மாமா கிலுகிலுப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கெழம டிரம்மு ஓடாது" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "வாரம் பூரா ஓட்றவன் நானு. எனக்கே தோணல பாரு."

தோன்றாது. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருப்பவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. வசந்தியோ என் வயிற்றில் இருக்கும்போதே அதைக் கேட்டவள். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை அது நின்றாலும் பால் இருந்தது, குடித்தபடி தூங்கிவிடுவாள். பாலை நான் எடுத்துக்கொண்டபிறகு அவளுக்கு மிச்சமிருந்த பழகிய துணை அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. அவள் என்னைத் தள்ளிவைக்கவில்லை. நான் தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அக்காவும் அழுதார். மாமா மட்டும், "சத்தம் போடாதீங்க, முழிச்சிக்கப் போறா" என்று இருவரையும் அதட்டினார்.

5

காரணம் தெரிந்தபிறகு சும்மா இருப்பேனா? பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்தேன். கால்வாசி தண்ணீர் ஊற்றி, பழைய போர்வைத் துண்டுகளை உள்ளே திணித்து, வாயை ரப்பர் ஷீட்டால் இறுக்கிக் கட்டினேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, குடத்தைப் படுக்கவைத்து இப்படியும் அப்படியும் உருட்டினேன். முதலில் களக் களக் என்றது. வசந்தி என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வேலையை அறிந்தவர் மாமாதான். "தண்ணி ஜாஸ்தி. துணி கம்மி. தோலு கனமா விழணும்" என்று சரிசெய்து கொடுத்தார். தொப் என்றது. அந்த வெள்ளிக்கிழமை அவள் தூங்கினாள். கை ஓய்ந்தபோது மாமா உட்கார்ந்து உருட்டினார். "ஆறு நாளு டேனரில டிரம்மு ஓட்டறேன். ஏழாவது நாளு ஊட்ல வந்து டிரம்மு ஓட்டறேன். ஓவர்டைம் யார் குடுப்பா?" என்று அக்காவிடம் நியாயம் கேட்டார். அக்கா டீ கொடுத்தார். அதற்குப்பிறகு வேலைக்கு நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இப்போது நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் பெருமையாக எழுதினேன். அம்மா பயந்துபோய்ப் பதில் எழுதினார்: தங்கைக்குக் கல்யாணம் வருகிறது, பிள்ளையோடு வா, ஆனால் வருவதற்குள் இந்தப் பழக்கத்தை விட்டுத் தொலை. பாலை மறக்கடித்த மாதிரி இதையும் மறக்கடி. இங்கே வந்து தோல் கிடங்குச் சத்தம் வேண்டும் என்று அழுதால் நாங்கள் எங்கே போவோம் என்று முடித்திருந்தார். அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. பேத்தி தன் மடியில் தூங்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. நம்மூர் மழைச்சத்தத்தில் அவள் தூங்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியவே தெரியாது. என் மகள் எனக்கு ஒரு கடல் தள்ளித்தான் வளரப்போகிறாள், என் இடுப்பிலேயே இருந்தாலும்.

இருந்தாலும் முடிவு செய்துவிட்டேன். ஒன்றை மறக்கடித்தது போதும். இதை அவளாக விடும்போது விடட்டும். கல்யாணத்துக்கு வருவோம், குடத்தோடு வருவோம். சுங்க அதிகாரி கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

6

இப்போது வேலூர் அலுவலகத்துக்கு வருகிறேன். வசந்தி வீறிடுகிறாள், குடம் வீட்டில் இருக்கிறது. அதே நேரத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரி முகத்தைச் சுளித்தபடி பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"கொழந்தையும் மலேசியாவா?"

"இல்ல சார். இங்க பொறந்தவ. இந்தியா."

"அப்ப அம்மா வெளிநாடு, புள்ள உள்நாடு" என்றார். அழுகையில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. "மொதல்ல அத சமாதானப்படுத்தும்மா."

வேறு வழி தெரியவில்லை. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையைக் குவித்து அவர் மேஜை விளிம்பில் அடித்தேன். தொப். கொஞ்சம் பொறுத்து, தொப். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. ஆறு நாளும் இரவும் பகலும் கேட்கிற தாளம், கைக்கு அதுவாகவே வந்தது. வசந்தியின் அழுகை தேய்ந்தது, தலை என் கழுத்தில் கனத்தது.

கதவருகில் நின்ற அதே பழைய பியூன் எட்டிப் பார்த்தார். "டிரம்மு சத்தம் மாரியே தட்றியேம்மா! நா வாலாஜாபேட்டை. எங்க ஊட்டாண்ட இதே சத்தந்தான். நீ எந்த டேனரி பக்கம்?"

"ஆம்பூருண்ணா" என்றேன். 'அங்கேதான் தங்கியிருக்கிறேன்' என்று எப்போதும் சேர்த்துக்கொள்வேன். இந்த முறை சேர்க்கவில்லை.

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். தூங்குகிற பிள்ளைக்கு முன்னால் சர்க்காரும் மெதுவாகத்தான் பேசும். "இன்னும் எவ்ளோ நாள் இங்க இருக்கறதா உத்தேசம்?"

எல்லா வருடமும் கேட்கிற கேள்வி. எல்லா வருடமும், "ஒரு வருஷம் சார்" என்பேன்.

"என் புள்ள தூக்கம் இங்கதான் சார் கீது" என்றேன். "அத வுட்டுட்டு நா எங்க போறது?"

அவர் பேனாவைத் திறந்துவிட்டு யோசித்தார். "அப்டில்லாம் எழுத முடியாதும்மா. ஒரு வருஷம்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க சார். அடுத்த வருஷமும் வர்றேன். அதுக்கடுத்த வருஷமும் வர்றேன்."

முத்திரை குத்துவதற்காக ரப்பர் ஸ்டாம்ப்பை ஓங்கினவர், தோளில் கிடந்த வசந்தியைப் பார்த்து நிதானித்தார். என் கை மேஜையில் விழுகிற நேரத்துக்காகக் காத்திருந்து, அதோடு சேர்த்துக் குத்தினார். தொப்.

அவள் விழிக்கவில்லை.